பிடிக்காத பொய்யை மட்டும்தான் கண்டுபிடிக்கிறோம்

பொய்ச் செய்தி பற்றி யார் எழுதினாலும் கடைசியில் ஒரு பட்டியலில் கொண்டுபோய் முடிக்கிறார்கள். தேதியைப் பாருங்கள், எங்கிருந்து வந்தது என்று பாருங்கள், படத்தை கூகுளில் தேடுங்கள், அனுப்புவதற்கு முன் யோசியுங்கள். எல்லாம் சரிதான். ஆனால் இதெல்லாம் தெரியாததால்தான் பொய் பரவுகிறது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். நமக்குப் பொய்யைப் பிடிக்கத் தெரியும். 2023 மார்ச்சில் பிடித்தோம், பிரமாதமாகப் பிடித்தோம். அதே ஆண்டு ஜனவரியில் ஏன் பிடிக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

முதலில் மார்ச். தமிழ்நாட்டில் இந்தி பேசுகிறவர்களைத் தேடித் தேடி வெட்டுகிறார்கள் என்று பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கிளம்பியது. 12 பேரைத் தூக்கில் தொங்கவிட்டார்கள் என்றுகூட ஒருவர் எழுதினார். எழுதியவர் யாரோ முகவரி இல்லாத ஆள் அல்ல, ஒரு தேசியக் கட்சியின் மாநிலச் செய்தித் தொடர்பாளர், அதுவும் வழக்கறிஞர். பிறகு உச்ச நீதிமன்றம் அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னது. மார்ச் 1 அன்று ஸ்டாலினின் பிறந்தநாள் விழாவுக்கு, அப்போது பீகார் துணை முதல்வராக இருந்த தேஜஸ்வி யாதவ் சென்னை வந்திருந்தார். நம் ஆட்கள் அங்கே சாகிறார்கள், இவர் கேக் சாப்பிடப் போயிருக்கிறார் என்ற தோரணையில் பீகார் எதிர்க்கட்சிக்கு இது கையில் கிடைத்தது. சட்டமன்றத்தில் அமளி. பீகார் அரசு நான்கு பேர் குழுவை இங்கே அனுப்பிவைத்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஐ.ஏ.எஸ். அதிகாரியின் பெயர் பாலமுருகன். (இதற்குமேல் நான் என்ன சொல்ல?)

ஆதாரம் என்று சுற்றிய வீடியோக்கள் என்னென்ன? அப்போதைய தமிழ்நாடு டி.ஜி.பி. சைலேந்திர பாபு சொன்னபடி, ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்கள் இரண்டு கோஷ்டியாகத் தங்களுக்குள் அடித்துக்கொண்டது. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை. மூன்றாவதாக ஒன்று சுற்றியதே, அது ராஜஸ்தான் ஜோத்பூரில் ஒரு வழக்கறிஞரைக் கொலை செய்த காட்சி. கோவையிலும் சென்னை சென்ட்ரலிலும் ரயிலில் ஏற அலைமோதிய கூட்டத்தின் படங்களும் ‘உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்’ என்று போயின. மார்ச் 8 ஹோலி. ஆண்டுதோறும் அந்த வாரம் அந்த ரயில்களில் கால் வைக்க இடம் இருக்காது. தீபாவளிக்குக் கோயம்பேட்டில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வீடியோக்கள் எதிலும் கிராஃபிக்ஸ் கிடையாது, ஏ.ஐ. கிடையாது. ரத்தம் உண்மை, கூட்டம் உண்மை, ரயில் உண்மை. மேலே எழுதியிருந்த இரண்டு வரிதான் பொய். நடித்து எடுத்தது என்று பீகார் போலீஸ் சொன்ன வீடியோ பின்னால்தான் வந்தது. தலையிலும் கையிலும் கட்டுப்போட்ட இரண்டு பேர், பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் எடுத்தது. நிஜ வீடியோவே கைவசம் இவ்வளவு இருக்கும்போது ஏன் மெனக்கெட்டார்கள் என்று தெரியவில்லை.

இப்போது நாம் என்ன செய்தோம் என்று பாருங்கள். அந்த ஒரு வாரம் தமிழ் முகநூலே துப்பறியும் இலாகாவாக மாறிவிட்டது. இது எந்த ஊர், பின்னால் தெரியும் கடைப் பலகை என்ன மொழி, வண்டி நம்பர் ஆர்.ஜே.வா டி.என்.னா, அந்த போலீஸ் தொப்பி நம் போலீஸ் தொப்பியா, பஸ் என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். எந்தச் செய்தியைச் சரிபார்ப்பதற்கும் இதைவிடப் பெரிய வித்தை கிடையாது. எந்தப் பயிற்சிப் பட்டறையும் இல்லாமல், கோபத்திலேயே எல்லோருக்கும் வந்துவிட்டது. நம்மைப் பற்றிய பொய் அல்லவா.

அரசும் அந்த முறை தூங்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மறுப்பை இந்தியிலும் சொன்னார்கள், தொழிலாளர்களுக்கு உதவி எண்கள் கொடுத்தார்கள், அதிகாரிகள் பனியன் கம்பெனிகளுக்கே நேரில் போய்ப் பேசினார்கள். அன்றைய முதல்வர் ஸ்டாலின் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்குப் போய் அங்கிருந்த வடமாநிலத் தொழிலாளர்களைச் சந்தித்தார். போஜ்பூரியில் ஓடும் புரளிக்குத் தமிழில் கண்டன அறிக்கை விட்டு என்ன பயன்? புரளி போன பாதையிலேயே மறுப்பும் போனதால்தான் அது சில நாட்களில் அடங்கியது. புரளி வீடியோக்களைப் பரப்பியதாகக் கைதான பீகார் யூடியூபர் மணீஷ் காஷ்யப் மீது தேசியப் பாதுகாப்புச் சட்டத்தைப் போட்டது மட்டும் எனக்கு அன்றைக்கும் உடன்பாடில்லை, இன்றைக்கும் இல்லை. நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்கு போடுங்கள், நிரூபியுங்கள், தண்டனை வாங்கிக்கொடுங்கள். விசாரணை இல்லாமல் ஓராண்டு உள்ளே வைக்கும் சட்டத்தை ஒரு வீடியோக்காரன் மேல் பாய்ச்சினால் அவன் ஊரில் அவன் ஹீரோ ஆகிறான். அதுதான் நடந்தது.

சரி, ஜனவரிக்கு வருகிறேன். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2023 ஜனவரி கடைசியில், திருப்பூரில் வடமாநிலத்தவர்கள் பெல்ட்டோடும் கட்டையோடும் கும்பலாக ஓடிவந்து சிலரைத் துரத்தும் வீடியோ நம் எல்லோருடைய போனிலும் வந்தது. ‘தமிழனைத் தமிழ் மண்ணிலேயே ஓட ஓட விரட்டும் வடக்கன்.’ இந்தத் தலைப்பையோ இதன் தம்பி தங்கைகளையோ பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. சம்பவம் நடந்தது ஜனவரி 14. வீடியோ பரவியது ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. டீக்கடை அருகே சிகரெட் புகையில் தொடங்கிய தகராறு, அதில் இரண்டு பக்கமும் ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள் என்று போலீஸ் விளக்கம் கொடுத்தது. அந்த விளக்கத்தை எத்தனை பேர் ஷேர் செய்தோம்? வீடியோ தொடங்குவதற்கு முன் என்ன நடந்தது என்று யார் கேட்டோம்? கடைப் பலகையை உற்றுப் பார்த்த கண்கள், பஸ் நிறம் பார்த்த கண்கள், அன்றைக்கு எங்கே போயிருந்தன?

அதே மாதிரி வீடியோ, அதே மாதிரி இரண்டு வரித் தலைப்பு, அதே திருப்பூர். ஜனவரியில் நாம் ஷேர் செய்தோம், மார்ச்சில் அவர்கள் ஷேர் செய்தார்கள். அந்த ஜனவரி வீடியோவையும், அடுத்த மாதம் ரயிலில் ஒருவர் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்த வீடியோவையும் (இது நிஜமாகவே நடந்தது, ரயில்வே போலீஸ் கைது செய்தது) பார்த்துப் பயந்திருந்த தொழிலாளிக்கு, மார்ச்சில் ஊரிலிருந்து வந்த புரளியை நம்புவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! கொஞ்சம் அவன் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். வெளியே டீ குடிக்கப் போனால் முறைக்கிறார்கள். அம்மா போன் பண்ணி அழுகிறாள். ஊருக்கு டிக்கெட் போடாமல் என்ன செய்வான்?

இன்னும் ஐந்து ஆண்டு பின்னால் போனால் கதை இதைவிட மோசம். 2018 ஏப்ரல், மே மாதங்களில் வட மாவட்டங்களில் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றியது: வடநாட்டுக் கும்பல் பிள்ளை பிடிக்க இறங்கியிருக்கிறது, நூற்றுக்கணக்கில் வந்திருக்கிறார்கள், உஷார். கூடவே ஒரு வீடியோ. தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், பைக்கில் வரும் இருவரில் ஒருவன் ஒரு குழந்தையை அள்ளிக்கொண்டு பறக்கிறான். அந்த வீடியோ பாகிஸ்தானில் கராச்சியில் எடுத்தது. ரோஷ்னி ஹெல்ப்லைன் என்ற அமைப்பு, குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்வதற்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த பைக் திரும்பி வரும், குழந்தையை இறக்கிவிடுவார்கள், ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். கராச்சித் தெருவில் ஒரு குழந்தையைத் தூக்க ஒரு நொடி போதும் என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். அவ்வளவுதான் வேலை. ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

மே 9 அன்று சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வம் கோவிலுக்குக் காரில் போனது. மலேசியாவிலிருந்து வந்த உறவினர்களும் கூட இருந்தார்கள். போளூர் பக்கம் அத்திமூர் அருகே வழி கேட்க நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குக் காரில் வந்த அந்தக் குடும்பத்து அம்மா சாக்லேட் கொடுத்தார். 65 வயது. அடித்தே கொன்றுவிட்டார்கள். கூட வந்தவர்களையும் குற்றுயிராக்கினார்கள். கும்பிடப் போன குலதெய்வம் அந்தப் பக்கத்துச் சாமிதான், அவர்கள் பேசியது தமிழ்தான். அதே நாட்களில் பழவேற்காட்டில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதற்கு முன்பே வேலூர் மாவட்டத்தில் தமிழ் பேசத் தெரியாத ஒருவர் கும்பலிடம் சிக்கிச் செத்திருந்தார்.

சாக்லேட் கொடுத்தால் பிள்ளை பிடிப்பவர் என்று ஒரு கிராமமே நம்பியதற்கு வாட்ஸ்அப் மட்டும்தான் காரணம் என்றால், அது நம்மை நாமே காப்பாற்றிக்கொள்ளும் பதில். ‘வடநாட்டுக் கும்பல்’ என்ற சொல் அந்தச் செய்திக்கு முன்பே நம் வாயில் இருந்தது. சூட்கேஸ் காணாமல் போனால், கேஸ் சிலிண்டர் காணாமல் போனால், ஏ.டி.எம். உடைந்தால் முதலில் யாரைச் சொல்கிறோம்? புரளி அந்தச் சொல்லைப் புதிதாகச் செய்யவில்லை, எடுத்துக்கொண்டது.

நாடு முழுக்க இப்படிச் சாவுகள் விழுந்தன. 2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிராவில் துலே மாவட்டத்தின் ரைன்பாடாவில் ஐந்து பேரை ஒரே இடத்தில் கொன்ற பிறகுதான் மத்திய அரசு வாட்ஸ்அப்புக்குக் கடிதம் எழுதியது, வாட்ஸ்அப்பும் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாது என்று வைத்தது. 2020இல் கொரோனா காலத்தில், ஏற்கெனவே பல கை மாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும்தான் அனுப்ப முடியும் என்று இன்னும் இறுக்கியது. செய்திக்கு மேல் வரும் இரட்டை அம்புக்குறி அதற்குத்தான். உபயோகமான மாற்றம். ஆனால் அந்த அம்புக்குறிக்குச் செய்தி உண்மையா பொய்யா என்று தெரியாது, எத்தனை கை மாறியது என்றுதான் தெரியும். என் குடும்ப குரூப்பில் ஒரு பெரியப்பா இரட்டை அம்புக்குறியைப் பார்த்தால் ‘நிறைய பேர் அனுப்பியிருக்காங்க, உண்மையாத்தான் இருக்கும்’ என்பார். அவரிடம் வாதாடி யாரும் ஜெயித்ததில்லை.

2018இல் சயின்ஸ் இதழில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறக்குறைய 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்தார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆவதற்கான வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம். இதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதிகம் பேசாத பகுதி ஒன்று அதில் இருக்கிறது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை. ஐ.டி. விங், கூலிப்படை என்று நாம் திட்டுவதில் நியாயம் இருக்கிறது, அவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விதை போடுவதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. மிச்சத்தைச் சம்பளம் வாங்காமல் செய்கிறோம்.

நியூஸ் கார்டு விஷயமும் இதே கதைதான். சேனல் லோகோவோடு, அதே நிறத்தில், அதே எழுத்துருவில், ஒரு தலைவர் சொல்லாததைச் சொன்னதாக ஒரு கார்டு வரும். அந்தச் சேனல் தன் பக்கத்தில் அதே கார்டின் மேல் ‘போலி’ என்று சிவப்பில் குத்திப் போடும். நமக்குப் பிடிக்காத தலைவர் என்றால், ‘சொல்லியிருக்க மாட்டார்தான், ஆனா சொல்லக்கூடிய ஆள்தானே’ என்று கார்டை அழிக்காமல் விட்டுவைப்பார்கள். படித்தவர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள் என்பது என் அனுபவம். கிராமத்துக்காரருக்கு வீடியோ, நமக்கு நியூஸ் கார்டு.

உண்மை கண்டறிபவர்களை நடத்தும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் புரளியை அம்பலப்படுத்தியதில் ஆல்ட் நியூஸின் முகமது சுபைருக்குப் பெரிய பங்கு உண்டு. 2024 குடியரசு தினத்தன்று தமிழ்நாடு அரசு அவருக்குக் கோட்டை அமீர் மத நல்லிணக்கப் பதக்கம் கொடுத்தது. நம் டைம்லைன் எல்லாம் கைதட்டல். நல்ல விஷயம், நானும் கைதட்டினேன். ஆனால் தமிழில் இதே வேலையைச் செய்பவர்கள் நமக்குப் பிடித்த கட்சியின் பொய்யைத் தொட்டால் அன்று மாலைக்குள் ‘விலை போய்விட்டான்’. இன்னொரு பக்கம், எது பொய் என்று அரசே முத்திரை குத்துவதும் ஆகாது. மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே சொல்லும் பிரிவுக்காகக் கொண்டுவந்த விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது சரியான தீர்ப்பு. டெல்லிக்கு அது சரி என்றால் சென்னைக்கும் அதே அளவுகோல்தான்.

இதை எழுதி முடிக்கும்போதே கமெண்ட் என்ன வரும் என்று தெரிகிறது. ‘அப்போ வடமாநிலத்தவர்களால் எந்தப் பிரச்சினையும் இல்லை என்கிறீர்களா?’ அப்படிச் சொல்லவில்லை. கூலியைக் குறைத்துக் கொடுக்க முதலாளிகள் அவர்களைப் பயன்படுத்துகிறார்கள், ஒரே அறையில் பத்துப் பேரை அடைத்து வைக்கிறார்கள், யார் வருகிறார் யார் போகிறார் என்ற பதிவேடு பல கம்பெனிகளில் ஒழுங்காக இல்லை. 1979ஆம் ஆண்டே வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள், அது எவ்வளவு தூரம் நடைமுறையில் இருந்தது என்று கேளுங்கள். இதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், நானும் வருகிறேன். அதற்கு அந்த ஜனவரி வீடியோ தேவையில்லை. 2024 தொடக்கத்தில் பிள்ளை பிடிப்பவர்கள் புரளி மறுபடியும் கிளம்பி, சென்னைப் பக்கம் ஒரு திருநங்கையைக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார்களே, அந்த வாரம் உங்கள் குரூப்பில் என்ன வந்தது, நீங்கள் என்ன பதில் போட்டீர்கள் என்று முடிந்தால் மேலே தள்ளிப் போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து கமெண்ட் போடுங்கள், பேசலாம்.