பியட் எஞ்சின்தானே என்று சிரித்தவர்களுக்கு

அந்த ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் எனக்கே அனுப்பிவிட்டீர்கள். நியூயார்க் நவீன கலை மியூசியத்தில் இருக்கும் சிவப்பு சிசிடாலியா 202 என்ற பழைய இத்தாலிய காரைக் காட்டி, "பியட் 1100 எஞ்சின், 55 குதிரைத்திறன், நம்ம பிரீமியர் பத்மினி காருக்கு மேக்கப் போட்ட மாதிரி" என்று ஒருத்தர் சிரிக்கிறார்.

ஐயா, பியட் எஞ்சின்தான். 1089 சிசி. யாரும் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கார் மியூசியத்துக்குப் போனது எஞ்சினுக்காக இல்லை, பாடிக்காக. மட்கார்டு தனி, பானெட் தனி, ஹெட்லைட் தனி என்று கார்கள் வந்துகொண்டிருந்த காலம். 1947-ல் இத்தாலியின் டுரின் நகரத்தில், கார் பாடி கட்டும் பினின் பரினாவின் பட்டறை எல்லாவற்றையும் ஒரே உடம்பாக இழைத்துவிட்டது. பானெட், மட்கார்டுகளைவிடத் தாழ்ந்து இறங்கும். எல்லாம் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி எடுத்த வளைவு. செய்ததே ஏறக்குறைய 170 கார்தான். 1951-ல் அந்த மியூசியம் எட்டுக் கார்களை மட்டும் வைத்து நடத்திய கண்காட்சியில் இதுவும் ஒன்று. 1972-ல் நிரந்தரமாகவே சேர்த்துக்கொண்டார்கள். குதிரைத்திறனை எண்ணிப் பார்த்தா சேர்த்தார்கள்?

"வேகம் கிடையாதே" என்பீர்கள். இதே 1100 எஞ்சின் வைத்த, கூரையில்லாத சிசிடாலியாவில்தான் 1947-ல் இத்தாலியின் மில்லே மிலியா சாலைப் பந்தயத்தில் பந்தய வீரர் நுவொலாரி 54 வயதில் இரண்டாவதாக வந்தார். அவரை முந்தியது கிட்டத்தட்ட மூன்று லிட்டர் ஆல்ஃபா ரோமியோ. அப்புறம், "கம்பெனியே நொடித்துப் போச்சே" என்பீர்கள். ஆமாம், போச்சு. முதலாளி டூசியோ, போர்ஷே குழுவிடம் கிராண்ட்பிரீ பந்தயக் கார் செய்யச் சொல்லிப் பணத்தைக் கரைத்தார். அது அவர் ஆசை. மியூசியத்துக்குப் போன இந்தக் கூரைவைத்த கூபே கார் என்ன பாவம் செய்தது?

பத்மினி என்றதுதான் எனக்குச் சுருக்கென்றது. பெரியப்பாவிடம் ஒன்று இருந்தது, கியர் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும் வண்டி. அதிலும் இதே 1089 சிசி வம்சம்தான். எங்கள் வீட்டுக் கல்யாணப் பெண்கள் எல்லோரும் அதில்தான் மண்டபத்துக்குப் போனார்கள். ஒருத்தரும் குதிரைத்திறன் கேட்கவில்லை. கிண்டலுக்கு அந்த வண்டிதான் கிடைத்ததா?

இதையெல்லாம் அந்த ரீல்ஸுக்குக் கீழே கமெண்டில் பொறுமையாக எழுதினேன். "பஸ்ஸில் போகிறவனுக்கு எதுக்கு இத்தாலி கார்" என்று பதில் வந்தது. எழுதியவர் என் நண்பர் பட்டியலில் இருப்பவர், எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். சரி. சிற்பத்தை ரசிக்கக் கோயிலை எழுதி வாங்க வேண்டுமா என்ன? அவருடைய எஸ்யூவி மாதத் தவணையில் ஓடுகிறது. அதைப் பற்றி நான் இதுவரை எங்கேயும் கமெண்ட் போட்டதில்லை. இனிமேல் போடுவேன்.