வரி நோட்டில் இல்லாத பாட்டி

டிஎன்ஏ சோதனை, வம்சாவளி பற்றிய பாட்காஸ்ட்களைப் பரிந்துரைத்திருந்தீர்கள். கோபியிலிருந்து ஈரோட்டுக்குத் தினமும் பஸ்ஸில் போகிறவன் என்பதால் ஒரு மாதமாகக் கேட்கிறேன். தத்துப்பிள்ளை தாயைத் தேடுவது, 2018-ல் வம்சாவளித் தளம் வழியாகக் கலிபோர்னியா கொலையாளி பிடிபட்டது என்று எல்லாம் அமெரிக்கக் கதைகள். சுவாரசியம்தான். ஆனால் டிஎன்ஏ எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்துச் சொந்தம் சொல்லும் அந்தக் கணக்கு நம்ம ஊருக்கு அப்படியே பொருந்தாதுங்க.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் டிஎன்ஏ சோதனைக்குக் குழாயில் எச்சில் துப்பி அனுப்பினான். ரிப்போர்ட் தூரத்துச் சொந்தம் ஒருவரை, கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகள் அளவுக்கு நெருக்கம் என்று காட்டிவிட்டது. அக்கா பதறிப்போய் போன் செய்தாள். கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்குள் சுமார் 12.5 சதவீதம் டிஎன்ஏ ஒத்துப்போகும். அவர்களுடைய பிள்ளைகளுக்குள் 3 சதவீதம் சொச்சம். ஆனால் எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, அப்பிச்சிக்கு (அம்மாவின் அப்பாவுக்கு) அத்தை மகள். அதற்கு முந்தின தலைமுறையிலும் அதே கதை. சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டே வந்தால் சதவீதம் ஏறத்தானே செய்யும்?

அப்புறம், கூட்டம் என்கிற எங்கள் குலப்பிரிவு அப்பன் வழி வருவது. ஒய் குரோமோசோமும் அப்படித்தான். கும்பாபிஷேகத்தின்போது குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரி நோட்டைப் புரட்டினேன். ஓரமெல்லாம் மஞ்சள் கறை, நாலு தலைமுறை ஆண்கள் பெயர், ஒரு பெண் பெயர் கிடையாது. அமுச்சியின் அம்மா பெயர் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தாய் வழியாக வரும் அவளுடைய மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மட்டும் அக்கா மகன் வரைக்கும் வந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் அந்தப் பக்கத்தை அவன் இன்னும் திறந்தே பார்க்கவில்லையாம்.