உறுமல் இல்லையென்றால் ஓபெத் இல்லையா?

ஓபெத் பேண்ட் பற்றி நம்ம மெட்டல் ரசிகர்களுக்குள் மறுபடியும் சண்டை. 2024 நவம்பரில் 'த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' ஆல்பம் வந்ததில் தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. "உறுமல் திரும்பி வந்துடுச்சு, இப்பதான்டா இது ஓபெத்" என்கிறார்கள். உறுமல் வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த "இப்பதான்" என்னை உறுத்துகிறது. நடுவில் போன 13 வருடமும் அவர்கள் செய்தது இசை இல்லையா?

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஓபெத், சுவீடனின் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த மெட்டல் பேண்ட். மெட்டல் என்றால் கிட்டாரும் டிரம்ஸும் அதிர வாசிக்கும் கனமான ராக். முதல் ஆல்பம் 1995-இல். பாடகர் மிக்கேல் ஒகர்ஃபெல்ட் அடித்தொண்டையிலிருந்து உறுமுவார், அதே பாட்டில் குரலைத் தணித்து உருகியும் பாடுவார். 2008-இல் வந்த 'வாட்டர்ஷெட்' வரை இதுதான் வழக்கம். 2011-இல் 'ஹெரிடேஜ்' வந்தது. பியானோவில் ஆரம்பிக்கிறது, எழுபதுகளின் ப்ரோக்ரெசிவ் ராக் (நீளமான, சிக்கலான அமைப்புள்ள ராக்) வாசம் ஆல்பம் முழுக்க அடிக்கிறது, உறுமல் ஓர் இடத்தில்கூட இல்லை. அந்தச் சுற்றுப்பயணத்தில் மேடையிலும் உறுமவில்லை என்றதும் ரசிகர்கள் இரண்டாக உடைந்தார்கள். 2014, 2016, 2019 ஆல்பங்களும் உறுமல் இல்லாமலே வந்தன.

நம்ம ராமநாதபுரம் பக்கம் மண்டபத்திலிருந்து தொண்டி வரைக்கும் மெட்டல் கேட்பவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறோம்? இருக்கிற கொஞ்சப் பேருக்குள்ளும் இந்தப் பிளவு. என் கீழக்கரை நண்பன் 2009-இல் ராமநாதபுரத்தில் ராத்திரி ரயிலேறிப் போய், சென்னை ஐஐடி மாணவர்களின் சாரங் கலைவிழாவில் ஓபெத்தை நேரில் பார்த்தவன். அதன்பிறகு துபாயில் வேலை, கேம்ப் அறையில் எட்டுப் பேர், காதில் ஹெட்போன். அந்த உறுமல்தான் தன்னை அங்கே தாங்கிப் பிடித்தது என்பான். அவன் சொல்வது இதுதான்: "மாப்ள, நான் பார்த்த பேண்டு வேற. இவங்க பேரை மட்டும் வச்சுக்கிட்டாங்க." அவன் வருத்தத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். துணைக்கு இருந்த ஒரு குரல் திடீரென்று நின்றுபோனால் வலிக்கத்தான் செய்யும்.

ஆனால் "காசுக்காக லைட்டாயிட்டாங்க" என்று சொல்வதை மட்டும் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 'ஹெரிடேஜ்' வேலை தொடங்கியபோது ஒகர்ஃபெல்ட் பழைய பாணியிலேயே இரண்டு பாட்டு எழுதிவிட்டார். அடுத்த ஆல்பமும் 'வாட்டர்ஷெட்' மாதிரியே வந்தால் ஏமாற்றமாக இருக்கும் என்று பேஸ் வாசிக்கும் மார்ட்டின் மெண்டெஸ் அவரிடம் சொன்னார். ஒகர்ஃபெல்டுக்கு அதைக் கேட்டு நிம்மதிதான் வந்தது. எழுதிய இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். காசு வேண்டும் என்பவர் ஏற்கெனவே விற்கிற சரக்கைத் தூர எறிவாரா? அதுவும் எழுபதுகளின் ப்ரோக்ரெசிவ் ராக்கை நம்பி?

இன்னொன்று. மென்மை இந்த பேண்டுக்கு 2011-இல் வந்து ஒட்டிக்கொண்டதில்லை. 2002-இல் வந்த 'டெலிவரன்ஸ்' இடி மாதிரி. அதோடு சேர்த்தே பதிவு செய்து 2003-இல் வெளியிட்ட 'டாம்னேஷன்' ஆல்பத்தில் உறுமல் கிடையாது, மெலோட்ரான் என்கிற பழைய கீபோர்டும் தணிந்த குரலும்தான். உறுமல் கட்சிக்காரர்களே ராத்திரி இரண்டு மணிக்குப் போட்டுக் கேட்பது அந்த ஆல்பத்தைத்தான். எனக்கு நன்றாகத் தெரியும்.

ஹெவி என்றால் சத்தம் என்று யார் சொன்னது? நம் ஊர்ச் சாவு வீடுகளில் ஒப்பாரி கேட்டிருப்பீர்கள். பெண்கள் தோளோடு தோள் கட்டி வட்டமாக உட்கார்ந்து "என்னப் பெத்த ராசா" என்று குரலெடுப்பார்கள். தெருவே கேட்கும். வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆண்கள் அதுவரைக்கும் தைரியமாகத்தான் இருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் வயதான ஒருத்திக்கு மட்டும் மூச்சு வாங்கும், பாட்டு நின்றுவிடும். படுத்திருப்பவரைப் பார்த்துச் சாதாரணமாகப் பேச ஆரம்பிப்பாள்: "நேத்து ராத்திரி கஞ்சிகூடக் குடிக்கலயேய்யா..." வாசலில் இருப்பவர்கள் உடைவது அப்போதுதான். ஒகர்ஃபெல்ட் குரலைத் தணிக்கிற இடங்களில் எனக்கு நடப்பதும் அதுதான். உச்சத்துக்குப் போன குரல் இறங்கி வரும்போது கனம் கூடுகிறது, குறைவதில்லை.

இதற்காக இந்த ஆல்பங்கள் எல்லாமே அருமை என்று சாதிக்கப் போவதில்லை. 2016-இன் 'சோர்சரஸ்' எனக்கு ஒட்டவே இல்லை. பல பாட்டுகள் எங்கேயோ கிளம்பி எங்கேயும் போய்ச் சேராமல் நிற்கின்றன. திட்டுவதென்றால் அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். உறுமல் இல்லை என்பது மட்டும் ஒரு குற்றச்சாட்டே ஆகாது.

சரி, புது ஆல்பத்துக்கு வருவோம். அதன் கதை நடப்பது முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில். செத்துப்போன பணக்காரத் தகப்பனின் உயிலை அவர் பிள்ளைகள் முன்னால் வாசிக்கிறார்கள். உறுமல் இங்கே வெறும் வழக்கத்துக்காக வரவில்லை. புதைத்த பிறகும் அதிகாரம் பண்ணுகிற ஒரு மனிதனின் குரலாக வந்து நிற்கிறது. 2008-இல் விட்ட இடத்திலிருந்து அப்படியே தொடர்ந்திருந்தால் இந்த உறுமல் கிடைத்திருக்காது, அந்த மென்மையான ஆல்பங்கள் வழியாக வந்ததால்தான் கிடைத்தது என்று உறுதியாக நம்புகிறேன். கொண்டாடுகிறவர்கள் ஆல்பத்தைக் கடைசி வரைக்கும் கேட்டீர்களா? கடைசிப் பாட்டில் உறுமலே கிடையாது. கதை முடிவது தணிந்த குரலில்தான்.

இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவன். ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஐஸ் உடைக்கிற மெஷினை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்காரும் நேரத்தில் 'ஹெரிடேஜ்' கேட்கிறான். அவன் கேட்ட முதல் ஓபெத் ஆல்பமே அதுதான். நம்மில் ஒருவர் அவனிடம் "முதல்ல பழசைக் கேட்டுட்டு வந்து பேசு" என்று சொல்லியிருக்கிறார். அவன் என்னிடம் வந்து, "அண்ணே, நான் கேக்குறது ஓபெத் இல்லையாண்ணே?" என்று கேட்டான். எனக்கு ஆத்திரமாக வந்தது. தயவுசெய்து அந்தப் பையனிடம் இனி யாரும் அப்படிப் பேசாதீர்கள். 'டாம்னேஷன்' கொடுத்திருக்கிறேன், ஆசையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அது முடிந்ததும் 'டெலிவரன்ஸ்'. அப்புறம் எதைக் கொடுக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.