கடைமடையில் நின்று ரோமைப் பார்த்தல்

ரோமுக்குப் போகவிருக்கும் நண்பர்கள் அவ்வப்போது என்னிடம், "மூன்று நாள்தான் இருக்கிறது, எதைப் பார்ப்பது, எதை விடுவது?" என்று கேட்பதுண்டு. கொலோசியத்தையும் வத்திக்கானையும் என்னைக் கேட்டுத்தான் யாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. ஆகவே நான் எல்லோருக்கும் ஒன்றையே சொல்கிறேன்: ஒரு பகலை முழுதாக ஒதுக்கிக்கொண்டு, ஒரே ஒரு தண்ணீரின் பின்னால் நடந்து போங்கள். உடனே, "திரெவி நீரூற்றுதானே? அது எங்கள் பட்டியலிலேயே இருக்கிறது" என்று பதில் வந்துவிடுகிறது. நான் சொல்வது அதுவல்ல என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்கிச் சலித்துவிட்டதால், இங்கேயே எழுதி வைக்கிறேன்.

முதல்முறை நான் அங்கே போனது ஒரு சுற்றுலாக் குழுவோடு. திரெவிக்கு எங்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரம் இருபது நிமிடம். அதில் பாதி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு தொட்டியின் விளிம்பை அடைவதிலேயே போய்விட்டது. அடைந்த பிறகு நான் செய்தது என்ன? எல்லோரையும் போலத் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, இடது தோளுக்கு மேலாக ஒரு நாணயத்தை வீசினேன். அதே நிலையில் ஒரு படமும் எடுத்துக்கொண்டேன். அந்த நாணயங்களை அள்ளி ஏழைகளுக்குச் செலவிடுகிறார்கள், அதனால் வீசுவதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு நீரூற்றுக்கு வந்த அத்தனை பேரும் நீருக்கு முதுகைக் காட்டியே திரும்பிப் போகிறோம் என்பது, விடுதிக்கு வந்து படங்களைப் புரட்டியபோதுதான் எனக்கு உறைத்தது.

நான் காவிரியின் கடைமடைக் கிராமம் ஒன்றில் பிறந்தவன். எங்கள் ஊரில் வாய்க்காலில் தண்ணீரைக் கண்டால் அழகாக இருக்கிறதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். எங்கே திறந்துவிட்டார்கள், வழியில் யார் யார் அடைத்தார்கள், எத்தனை நாள் வரும் என்றுதான் கேட்பார்கள். திரெவியைப் பார்த்து அந்தக் கேள்வி எனக்குத் தோன்றாமல் போனதே என்ற வெட்கத்தில்தான் பின்னாளில் படிக்கத் தொடங்கினேன். படித்த பிறகு தெரிந்தது, திரெவியும் ஒரு கடைமடைதான். நெடுந்தொலைவிலிருந்து வரும் கால்வாய் நகருக்குள் வந்து முடியும் இடத்தில், "இதோ, கொண்டுவந்து சேர்த்துவிட்டோம்" என்று ஊருக்குக் காட்டுவதற்காகக் கட்டும் நீரூற்றுக்கு இத்தாலியர்கள் 'மோஸ்த்ரா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மோஸ்த்ரா என்றால் காட்சி. காட்சியை மட்டும் பார்த்துவிட்டுக் கால்வாயைப் பாராமல் வருவது, கோபுரத்தைப் படம் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் நுழையாமல் திரும்புவதைப் போன்றது.

அந்தக் கால்வாயின் பழைய பெயர் அக்வா விர்கோ, அதாவது கன்னி நீர். அகஸ்டஸ் பேரரசரின் வலக்கையாக இருந்த மார்க்கஸ் அக்ரிப்பா, தான் கட்டிய பொதுக் குளிப்பு மண்டபத்துக்காக அதைக் கொண்டுவந்தார். நீர் நகருக்குள் நுழைந்தது கி.மு. 19 ஜூன் 9 அன்று. தாகத்தோடு தேடி அலைந்த படைவீரர்களுக்கு ஓர் இளம்பெண் ஊற்றுக்கண்ணைக் காட்டினாள், அவள் நினைவாகவே இந்தப் பெயர் என்பது வழிவழியாக வந்த கதை. ஊற்று இருப்பது நகருக்குக் கிழக்கே சலோனே என்ற இடத்தில். கி.பி. 97இல் ரோமின் நீர்த்துறைக்குப் பொறுப்பேற்ற ஃப்ரொன்டினுஸ் என்ற அதிகாரி, பதவிக்கு வந்ததும் கால்வாய்கள் அனைத்தின் அளவுகளையும் குறித்து வைத்தார். அவர் கணக்குப்படி விர்கோவின் நீளம் 14,105 ரோம எட்டுகள் (இரண்டு காலடி சேர்ந்தது ஓர் எட்டு), இன்றைய அளவில் ஏறத்தாழ 21 கிலோமீட்டர். அதில் 12,865 எட்டுகள் தரைக்குக் கீழே செல்பவை. ரோமானிய நீர்ப்பணி என்றதும் நம் கண்முன் வருகிற உயரமான வளைவு வரிசைகள், இந்தக் கால்வாயைப் பொறுத்தவரை பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மண்ணுக்கடியில் செல்லும் இத்தகைய நீர்வழிக்குப் பழந்தமிழில் 'சுருங்கை' என்றொரு சொல் இருக்கிறது. விர்கோ பெரும்பாலும் ஒரு சுருங்கைதான். ஊற்றுக்கும் நகருக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு சில மீட்டர்களே என்பதால், இருபது கிலோமீட்டருக்கும் மேலான தொலைவு முழுவதும் அந்தச் சிறு வாட்டத்தைத் துளித்துளியாகப் பங்கிட்டுத் தண்ணீரை நகர்த்த வேண்டியிருந்தது. சற்றே கூடுதலாகச் சரித்துவிட்டால் நகரை அடையும் முன்பே உயரம் தீர்ந்துவிடும், குறைத்தால் நீர் தேங்கிவிடும். பம்பும் இல்லை, மின்சாரமும் இல்லை, நீர்மட்டப் பலகையும் கயிறும் குண்டும்தான். சுவர் கசியாமல் இருக்கச் சுண்ணாம்போடு செங்கல் தூளைக் கலந்து பூசினார்கள். இது வேறொன்றுமல்ல, முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய பேச்சில் நாம் அடிக்கடி கேட்கும் சுர்க்கிக் கலவையின் உறவுதான். ஆட்கள் இறங்கிச் சேறும் வேர்களும் அகற்றுவதற்காக, வழிநெடுகக் கிணறுகளைப் போலச் செங்குத்துக் குழிகளையும் விட்டிருந்தார்கள்.

பராமரிப்புக்கென்றே அக்ரிப்பா 240 அடிமைகளைக் கொண்ட ஒரு குழுவை வைத்திருந்தார். அவர் இறந்ததும் அந்தக் குழு அகஸ்டஸுக்குப் போய், அரசின் உடைமையானது. ரோமைப் பற்றிய பெருமிதப் பேச்சுகளில் இந்த 240 பேர் வருவதில்லை. கட்டியவனின் திறமையைவிட, கட்டியதை விட்டுவிடாமல் ஆண்டுதோறும் இறங்கித் தூர்வாரியவர்களின் உழைப்புதான் இந்த நீரை 2,000 ஆண்டுகள் கடத்தி வந்திருக்கிறது என்பது என் துணிபு. ஃப்ரொன்டினுஸின் குறிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதைச் சார்ந்ததுதான்: தெருவின் தளவரிசைக்கு அடியில் இரகசியமாகக் குழாய் பதித்துப் பொதுநீரைத் திருடி விற்றவர்களையும், கைக்காசு வாங்கிக்கொண்டு அதற்கு உடந்தையாக இருந்த ஊழியர்களையும் பற்றி அவர் மனம் நொந்து எழுதுகிறார். குடிநீர்க் குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சும் தெருக்களில் வாழ்ந்த எவருக்கும் அந்த மனிதரின் கோபம் புரியும்.

இரண்டாம் முறை நானும் என் மனைவியும் மட்டும் போனோம். பின்சியோ குன்றிலிருந்து தொடங்கினோம். அந்தக் குன்றுக்கு அடியில்தான் விர்கோ நகருக்குள் நுழைகிறது. அங்கிருந்து ஸ்பானியப் படிகளில் இறங்கினால், கீழே பாதி மூழ்கிய படகைப் போலக் கிடக்கிறது பார்காச்சா நீரூற்று. 1620களின் இறுதியில் பியெத்ரோ பெர்னினி செய்தது. வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு இங்கே தரைதட்டிய படகொன்றின் நினைவு என்று ஒரு கதை சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையைவிடக் காரணம்தான் சுவை: இவ்விடத்தில் விர்கோவின் நீருக்கு அழுத்தம் மிகக் குறைவு, உயரப் பீய்ச்சி அடிக்க முடியாது. அதனால் சிற்பி தொட்டியைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி, நீர் ததும்பி வழிவதையே அழகாக்கிவிட்டார். ஒரு குறையை மறைக்காமல் அதையே வடிவமாக்கிய இந்தச் சிறிய படகை, திரெவியின் அத்தனை ஆரவாரத்துக்கும் மேலாகவே நான் வைப்பேன்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் திரித்தோனே தெருவில் ரினாஷெந்தே என்ற பெரிய அங்காடி இருக்கிறது. கட்டுமானப் பணியின்போது வெளிப்பட்ட விர்கோவின் பதினைந்து வளைவுகளை, ஏறத்தாழ 60 மீட்டர் நீளத்துக்கு, அதன் கீழ்த்தளத்தில் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். பைகளும் வாசனைத் திரவியங்களும் விற்கும் தளங்களைக் கடந்து நகரும் படியில் இறங்கினால், எதிரே அகஸ்டஸ் காலத்துக் கல். நுழைவுக் கட்டணம் கிடையாது. மிக அருகே, நசரேனோ தெருவில், இரும்புக் கம்பிகளுக்கு அப்பால் பள்ளத்தில் இன்னும் மூன்று வளைவுகள் தெரிகின்றன. ஒரு காலத்தில் தலைக்கு மேல் சென்ற கால்வாய் இன்று காலுக்குக் கீழே கிடக்கிறது. நகரம் தன் குப்பையின் மீதே ஏறி நின்றுகொண்டு வளர்ந்திருக்கிறது. அந்த வளைவுகளின் மேல் கிளாடியஸ் பேரரசர் பொறித்த கல்வெட்டு, தமக்கு முன் ஆண்ட கலிகுலா இந்தக் கால்வாயைச் சிதைத்துவிட்டதாகவும், தாம் அதை அடித்தளத்திலிருந்து புதிதாக எழுப்பியதாகவும் சொல்கிறது. முந்தைய ஆட்சியில் பாழாக்கப்பட்டதை இந்த ஆட்சியில் சீரமைத்தோம் என்ற அறிவிப்பைக் கல்லிலேயே வெட்டி வைத்திருப்பதைப் படித்துச் சொன்னபோது, என் மனைவி அந்தத் தெருவிலேயே நின்று வாய்விட்டுச் சிரித்தார்.

கி.பி. 537இல் கோத்தியர்கள் என்ற ஜெர்மானிய இனத்தவர் ரோமை முற்றுகையிட்டபோது கால்வாய்களை எல்லாம் வெட்டிவிட்டார்கள். நகருக்குள் இருந்த கிழக்கு ரோமப் பேரரசின் தளபதி பெலிசாரியுஸ், நீர் நின்றுபோன சுருங்கைகளின் வாய்களைக் கல் வைத்து அடைக்கச் சொன்னார். அதற்குக் காரணம் இருந்தது: முந்தைய ஆண்டு அவரே ஒரு காய்ந்த நீர்க்கால்வாய்க்குள் தம் வீரர்களை அனுப்பித்தான் நேப்பிள்ஸைப் பிடித்திருந்தார். எதிர்பார்த்தபடியே கோத்தியர் சிலர் விளக்குகளோடு ஒரு கால்வாய்க்குள் நுழைந்து, பின்சியோ வரை வந்துவிட்டார்கள். மேலே காவலிருந்த ஒருவன் கீழே ஏதோ ஒளி மின்னுவதைக் கண்டு சொல்ல, அது ஏதேனும் ஓநாயின் கண்ணாக இருக்கும் என்று மற்றவர்கள் தள்ளிவிட்டார்களாம். பேச்சு எப்படியோ தளபதியின் காதுக்கு எட்டியது, அடைப்பும் உறுதியாக இருந்தது, நகரம் தப்பியது.

மற்றக் கால்வாய்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போன பின்னும், பெரும்பகுதி மண்ணுக்குள் இருந்த விர்கோ மட்டும் முழுமையாக அழியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தது. 1453இல் ஐந்தாம் நிக்கோலஸ் போப்பாண்டவரும், 1570இல் ஊற்று வரையிலும் ஐந்தாம் பயஸும் அதைச் செப்பனிட்டார்கள். இன்று நாம் காணும் திரெவி அதற்கும் வெகு காலம் பிந்தியது: நிக்கோலா சால்வி 1732இல் தொடங்கினார், 1751இல் இறந்தார், 1762இல் மற்றவர்கள் முடித்தார்கள். அடுத்த முறை அங்கே நிற்பவர்கள், நடுவில் நிற்கும் கடல்தேவனை விட்டுவிட்டுச் சற்று மேலே பாருங்கள். இடப்பக்கப் புடைப்புச் சிற்பத்தில் அக்ரிப்பா வரைபடத்தைப் பார்த்து ஒப்புதல் தருகிறார். வலப்பக்கத்தில் அந்தப் பெண் வீரர்களுக்கு ஊற்றைக் காட்டுகிறாள். கால்வாயின் கதை முழுவதையும் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நாம்தான் முதுகைக் காட்டுகிறோம்.

திரெவிக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு பழைய திரையரங்கின் அடியில், 1999இல் தொடங்கிய பணியின்போது விகுஸ் காப்ராரியுஸ் என்ற அகழிடம் வெளிப்பட்டது. படிகளில் இறங்கும்போதே மேலேயுள்ள இரைச்சல் அடங்கி ஈரவாடை மூக்கில் ஏறுகிறது. பழைய குடியிருப்பின் சுவர்களுக்கு இடையே விர்கோவோடு தொடர்புடைய ஒரு நீர்த்தேக்கம். அதன் அடியில் இப்போதும் தெளிந்த தண்ணீர் நிற்கிறது, அதில் விளக்கொளி அசைகிறது. சுவர்ப்பூச்சில் விரல்நுனி அளவுச் செங்கல் சில்லுகள் சிவப்பாகத் தெரிகின்றன. தலைக்கு மேலே ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, நாங்கள் இருந்த அரைமணி நேரத்தில் அங்கே இறங்கி வந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான்.

தாகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விர்கோவின் நீர் இன்று நீரூற்றுகளுக்குத்தான், குடிப்பதற்கல்ல. ஆனால் தெருமுனைகளில் நிற்கும் நசோனே என்ற வார்ப்பிரும்புக் குழாய்களில் வருவது நல்ல குடிநீர். நசோனே என்றால் பெரிய மூக்கு. 1874 முதல் நிறுவப்பட்ட இவை இன்று நகரில் ஏறத்தாழ 2,500 உள்ளன. வளைந்த மூக்கின் மேற்புறத்தில் ஒரு சிறு துளை இருக்கும். கீழ்வாயை விரலால் அடைத்தால், அந்தத் துளை வழியே நீர் வளைந்து எழும்பி நேரே வாய்க்கு வரும். இதைத் தெரிந்துகொள்ளாமல், குழாயின் எதிரிலேயே நின்று காசு கொடுத்துப் பாட்டில் வாங்குகிறவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

விர்கோவின் உண்மையான கடைமடை திரெவி அல்ல. பாந்தியன் என்ற பழங்கோயிலுக்குப் பின்னால் இருந்த அக்ரிப்பாவின் குளிப்பு மண்டபம். பாந்தியனின் நெற்றியில் அவர் பெயர் பெரிய எழுத்துகளில் இருக்கிறது. மண்டபத்தில் எஞ்சியிருப்பதோ, சியாம்பெல்லா என்ற குறுகிய தெருவில், குடியிருப்பு வீடுகளுக்கு நடுவே செருகிக்கொண்டு நிற்கும் ஒரு வட்டக் கூடத்தின் அரைகுறைச் செங்கல் சுவர் மட்டும். அதன் நிழலில் யாரோ இரு சக்கர வண்டியை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

இதே நீர்தான் நவோனா சதுக்கத்துக்கும் போகிறது. அங்கே பெர்னினியின் மகன் ஜான் லொரென்சோ 1651இல் முடித்த நான்கு நதிகளின் நீரூற்று இருக்கிறது. மக்கள் ரொட்டிக்குத் தவித்த ஆண்டுகளில் வரிப்பணத்தில் எழுந்தது அது. தூணும் ஊற்றும் எங்களுக்கு எதற்கு, ரொட்டி கொடுங்கள் என்று அன்றே சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். நைல், டான்யூப், லா பிளாட்டா ஆகியவற்றோடு நான்காவதாக, நீண்ட துடுப்பொன்றைப் பிடித்தபடி சாய்ந்து அமர்ந்திருக்கிறது கங்கை. நாம் தாயென்று கும்பிடும் கங்கை இங்கே தாடி வைத்த ஓர் ஆண். என் மனைவி அந்தத் தாடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சலோனேக்குப் பேருந்து இருக்கிறதா என்று பாருங்கள், நாளைக்குத் தலைமடையையும் பார்த்துவிடலாம்" என்றார்.