போர்க்காலத்தில் தூரிகையுடன் சர்ச்சிலா?

“இரண்டாம் உலகப்போர் நடக்கையில் சர்ச்சில் சார்ட்வெல் பண்ணை வீட்டில் உட்கார்ந்து இயற்கைக் காட்சிகளை வரைந்துகொண்டிருந்தார்” என்றொரு செய்தி சுற்றுகிறது. உண்மையில்லை.

ஓவியப் பித்து உண்மைதான். முதல் உலகப்போரில் துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணையைப் பிடிக்கும் முயற்சி தோற்றதால் பதவி இழந்து, 1915-ல், நாற்பது வயதில் தூரிகையைத் தொட்டார். 1922-ல் வாங்கிய சார்ட்வெல்லின் குளத்தையும் தோட்டத்தையும் கென்ட் மாவட்டச் சரிவுகளையும் சலிக்காமல் வரைந்தார். வாழ்நாளில் 500-க்கும் மேற்பட்ட ஓவியங்கள்! ஆனால் இரண்டாம் உலகப்போரின்போது அவர் தீட்டியது ஒன்றே ஒன்று. அதுவும் சார்ட்வெல்லில் அல்ல. 1943 ஜனவரியில், நேச நாடுகளின் காசாபிளாங்கா மாநாடு முடிந்தபின், மொராக்கோவின் மராகேஷ் நகரில் குதுபியா மசூதிக் கோபுரத்தை வரைந்து அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குப் பரிசளித்தார். சார்ட்வெல்லோ போர் ஆண்டுகளில் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. அவரைக் குறைகூற வேறு காரணங்களா இல்லை?