உயரமாக இருந்தால் பந்து தானாகக் கைக்கு வராது

கூடைப்பந்தில் நெட்டை ஆட்டக்காரர்களான எடீயையும் கிளிங்கனையும் ஒப்பிட்டு நேற்று இரவு சுற்றிய அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கிளிங்கனுக்கு 'பலம்' என்று ஐந்து வரி. ஸாக் எடீக்கு ஒரே சொல்: 'உயரம்'. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்க விடவில்லை.

2023, 2024 என்று தொடர்ந்து இரண்டு வருடம் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் சிறந்த வீரர் விருது வாங்கியவர் எடீ. உயரத்துக்கா கொடுத்தார்கள்?

"2024 கல்லூரி இறுதிப் போட்டியில் ஜெயித்தது கிளிங்கன்தானே" என்பீர்கள். ஆமாம், கிளிங்கனின் யூகான் 75, எடீயின் பர்டூ 60. ஆனால் அந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். யூகான் எடீயைப் பெரும்பாலும் ஒற்றை ஆளிடமே விட்டுவிட்டது. மற்றவர்கள் பர்டூவின் ஷூட்டர்களை விட்டு நகரவே இல்லை. வருடம் முழுக்க வெளியிலிருந்து போட்டுத் தள்ளிய அணி, அன்று மூன்று புள்ளிக்கு முயன்றதே ஏழு முறை, விழுந்தது ஒன்று. எடீ தனியாக 37 புள்ளி எடுத்தார். தோற்றது அவரா?

கிளிங்கனைக் குறை சொல்ல வரவில்லை. தடுப்பில் அவர் ஒரு படி மேல்தான். இல்லினாய் ஆட்டத்தில் அவர் கை நீட்டி மறித்த 19 எறிவில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. NBA என்ற தொழில்முறை லீக்கின் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் போர்ட்லேண்ட் அவரை 7-ஆவதாகவும் மெம்ஃபிஸ் எடீயை 9-ஆவதாகவும் எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. முதல் சீசன் முடிவில் எடீ லீக்கின் சிறந்த புதுமுகங்களின் முதல் அணியில் வந்தார், கிளிங்கன் இரண்டாவது அணியில் வந்தார். அதையும் அந்தப் படத்தில் போட்டிருக்கலாம்.

"ஒகாஃபரை மறந்துவிட்டாயா?" மறக்கவில்லை, இந்தக் கேள்வி நியாயமானது. 2015-இல் டியூக் கல்லூரியில் கோப்பையோடு வந்து டிராஃப்டில் 3-ஆவதாகப் போனார், முதல் வருடம் ஆட்டத்துக்குச் சராசரி 17.5 புள்ளி எடுத்தார், அப்புறம் காணாமல் போனார். அதே வருடம் கென்டக்கி கல்லூரியில் சராசரி பத்துப் புள்ளி எடுத்த டவுன்ஸ் முதல் ஆளாகப் போய் நிலைத்துவிட்டார். கல்லூரிப் புள்ளிகளை மட்டும் நம்பினால் ஏமாறுவோம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கல்லூரியில் ஒகாஃபருக்கு ஃப்ரீ த்ரோ, அதாவது ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிவு, பாதிக்குப் பாதிதான் விழும். எடீக்கு எழுபது சதவீதத்துக்கு மேல். கை பழகாமலா அது வரும்? கல்லூரியில் அதே விருது வாங்கிய லூகா கார்சாவை இழுக்காதீர்கள், அது வேறு உடம்பு, வேறு ஆட்டம்.

உயரம் மட்டுமே போதுமென்றால் 2023 கல்லூரித் தேசியத் தொடரில் பர்டூ ஏன் முதல் சுற்றிலேயே ஃபேர்லீ டிக்கின்சனிடம் தோற்றது? நாட்டிலேயே குள்ளமான அணி அது. ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்பைச் சுமந்துகொண்டு வந்து, அடுத்த வருடம் எடீ அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடிக்கொண்டிருந்த டொராண்டோ பையன், பத்தாம் வகுப்பில்தான் கூடைப்பந்தைத் தொட்டவர்.

நான் பிளஸ் ஒன்னிலேயே ஆறடி இரண்டு அங்குலம். பி.டி. மாஸ்டர் என்னை ரிங்குக்குக் கீழே நிறுத்தி, "உனக்கென்னடா, நின்னாலே பந்து வரும்" என்றார். எங்கள் ஊர்க் கடையில் பத்தாம் நம்பருக்கு மேல் ஷூ கிடையாது. முன்பக்கத்தை பிளேடால் அறுத்து, பெருவிரல் வெளியே தெரிய ஆடினேன். சிமெண்ட் தரையில் குதித்துக் குதித்து ராத்திரி முட்டி விண்விண்ணென்று தெறிக்கும். அடுத்த நாள் ஒரு லேஅப் தவறினால், "ஆளு வளர்ந்த அளவுக்கு அறிவு வளரலையே" என்று பக்கத்தில் நின்றவன் சொல்வான், எல்லோரும் சிரிப்பார்கள். போட்டால் உயரம், விட்டால் அறிவு. இருபது வருடம் ஆகிவிட்டது, அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது எடீயின் கணுக்கால் அறுவை சிகிச்சையைக் காட்டி, "இன்னொரு ஓடன்" என்கிறார்கள். முட்டி போய் NBA-வில் 105 ஆட்டத்தோடு முடிந்துபோன ஒரு மனிதரின் பெயர் அது, வசவுச் சொல் இல்லை.

படம் போட்ட நண்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். கிளிங்கன்தான் உசத்தி என்றே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, நான் வாதாட வரமாட்டேன். அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பக்கத்தில் இன்னும் நாலு வரி எழுதிவிடுங்கள்.