இடி கேக்கும் எண்ணும் கணக்கும்

இடி மின்னலுக்குப் பயப்படும் பிள்ளைகளுக்கான படப்புத்தகங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் பட்ரீசியா பொலாக்கோவின் 'தண்டர் கேக்' (இடி கேக், 1990) இருப்பதைப் பார்த்து ரொம்பச் சந்தோஷம். ஆனால் பாட்டி ஆறுதல் சொல்லிப் பயத்தைப் போக்குவதாக ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! அந்தப் பாட்டி ஆறுதலோடு நிற்பதில்லை, வேலை கொடுக்கிறார். மிச்சிகன் பண்ணை வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்த பேத்தியை வெளியே அழைத்து, புயல் வருவதற்குள் கேக் அடுப்பில் ஏறியாக வேண்டும் என்கிறார். கொத்துகிற கோழியிடம் முட்டை, உதைக்கிற பசுவிடம் பால், காட்டு வழியே போய் மாவும் சர்க்கரையும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். புயல் நெருங்கி எண் குறையக் குறைய படிக்கிற நமக்கே கை பரபரக்கிறது. சாக்லேட் கேக்கில் தக்காளியும் சேர்கிறது! செய்முறை கடைசியில் இருக்கிறது. இத்தனையும் செய்தவள் தைரியசாலி இல்லாமல் வேறு யார் என்று பாட்டி கேட்கும் இடம்தான் எனக்கு உயிர்.

அப்புறம், வாசித்துக் காட்டும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதையில் ஒரு எண்ணுக்கு ஒரு மைல் தூரம் என்று வருகிறது. உண்மையில் இடியோசை ஒரு மைல் வர ஏறக்குறைய 5 விநாடி ஆகும். ஒரு கிலோமீட்டருக்கு 3 விநாடி. பத்து விநாடி எண்ணினால் மின்னல் இரண்டே மைல் தள்ளித்தான். வெளியே நின்று எண்ணவே கூடாது. இடி காதில் விழுந்தாலே வீட்டுக்குள் வந்துவிட வேண்டும், எண்ணுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.